குரல் இருந்தது, பெயர் இல்லை

டாஸ் என்ற இயங்குதளத்தின் காலத்துத் திரை ஒரு கட்டம் போட்ட நோட்டு. குறுக்கே 80 கட்டம், மேலிருந்து கீழே 25 வரி; மொத்தம் 2000. ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட்: ஒன்றில் எழுத்தின் எண், இன்னொன்றில் நிறம். 4000 பைட்டைப் படித்துவிட்டால் திரை மொத்தத்தையும் படித்தாயிற்று. 65 என்று இருந்தால் அது ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ. நான்காவது வரி வேண்டுமா? முதல் 480 பைட்டைத் தாண்டி அடுத்த 160 பைட்டை எடுத்து, நிறத்தை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் குரல் கருவிக்கு அனுப்பினால் போதும். கம்பியின் மறுமுனையில் இருக்கும் கருவி வாசித்துவிடும்.

பார்வையற்றவர்களுக்கான திரைவாசிப்பான்கள், அதாவது ஸ்கிரீன் ரீடர்கள், இந்த வசதியை நம்பித்தான் வளர்ந்தன. ஐபிஎம்மில் ஜிம் தாட்சரும் ஜெஸ்ஸி ரைட்டும் 1980களின் நடுவில் அப்படி ஒன்றை உருவாக்கினார்கள். ரைட் பார்வையற்ற கணித ஆய்வாளர். பக்கத்து மேசைக்காரர் திரையில் என்ன பார்க்கிறாரோ, அதே எழுத்தை அதே நொடியில் தானும் கேட்க முடியும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. பிறர் வாசித்துச் சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

✱

1984 ஜனவரி 24. கலிபோர்னியாவின் கூப்பர்டினோவில் ஃபிளின்ட் சென்டர் அரங்கம். ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பையிலிருந்து மெக்கின்டாஷை எடுத்து மேசைமேல் வைக்கிறார். அது தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொண்டு பேசுகிறது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. பேசவைத்தது மெக்கின்டாக் என்ற மென்பொருள். எழுதியவர்கள் மார்க் பார்ட்டன், ஜோசப் கட்ஸ். கடைக்கு வந்த மெக்கின் நினைவகம் 128 கிலோபைட். அன்று பேசியதற்கு 512 கிலோபைட். பேச்சுக்கு இடம் தேவைப்பட்டது.

அதே பெட்டியின் படத்திரையைப் பார்ப்போம். 512க்கு 342 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை. எல்லாம் சேர்த்து 21,888 பைட். அதில் எங்கே தேடினாலும் 65 என்ற எண், எழுத்து என்ற பொருளில் கிடையாது. ஏ என்ற எழுத்தும் குப்பைத்தொட்டிப் படத்தின் ஒரு மூலையும் அங்கே ஒன்றுதான்: சில கறுப்புப் புள்ளிகள். டாஸில் திரைநினைவகத்தைப் படித்துப் பிழைத்த வழி இங்கே அடைபட்டுப்போனது.

✱

பார்ட்டனும் கட்ஸும் அதற்கு முன்பே, 1982இல், வீட்டுக் கணினிகளுக்கு 'சாம்' என்ற பேச்சு மென்பொருளை எழுதியிருந்தார்கள். ஆப்பிள் இரண்டு, அடாரி, காமடோர் 64 ஆகியவற்றில் அது ஓடியது. அடாரியில் ஒரு சிக்கல். திரையை வரையும் சில்லு அடிக்கடி குறுக்கிட்டுச் செயலியின் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளிகளில் ஒலி சிதறிப்போகும். அதனால் பேசி முடிக்கும்வரை திரையை அணைத்துவிடுவார்கள். படமும் பேச்சும் ஒரே நேரத்தில் செய்யத் திராணியில்லாத எளிய இயந்திரத்திலும், விலை உயர்ந்த தனிக்கருவி எதுவும் இல்லாமல் பேச்சு கிடைத்தது. இதைக் குறித்து வைக்கக் காரணம் உண்டு: வெறும் மென்பொருளாலேயே குரல் கொடுக்கலாம் என்பது மெக்கின் படத்திரை பிறக்குமுன்பே நிரூபணமாகிவிட்டது.

✱

அமிகா கணினி, 1985. இதில் பேச்சு இயங்குதளத்தோடே வந்தது. அதே பார்ட்டன், கட்ஸ் கைவண்ணம். ஒரு பகுதி ஆங்கில எழுத்துகளை ஒலிக்குறிகளாக மாற்றும். இன்னொரு பகுதி அந்த ஒலிக்குறிகளைக் குரலாக்கும். ஆண் குரல், பெண் குரல், வேகம், சுருதி எல்லாம் மாற்றலாம். பேசும்போது வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் திறந்திருக்கிறது என்ற அளவுகளைக்கூடத் தரும். அதை வைத்துத் திரையில் ஒரு முகத்தை வாயசைக்க வைக்கலாம்.

1.3 பதிப்பில் இன்னொரு வசதி: 'ஸ்பீக்' என்ற பெயரில் ஒரு சாதனம். கட்டளை வரியில் ஒரு கோப்பை அதற்கு நகலெடுக்கச் சொன்னால், அச்சுப்பொறிக்கு அனுப்புவது போலக் குரலுக்கு அனுப்பிவிடும். கோப்பு முதலிலிருந்து கடைசிவரை ஒலிக்கும்.

ஆனால் அந்தக் கட்டளையை அடிக்க வேண்டிய சாளரம் எங்கே திறந்திருக்கிறது? முன்னால் நிற்பது எந்தச் சாளரம்? 'சரி', 'வேண்டாம்' என்று கேட்டு நிற்கும் பெட்டியில் எந்தப் பொத்தான் எங்கே? இவற்றை அந்தக் குரல் சொல்லாது. அதற்குத் தெரியாது. கொடுத்ததை வாசிக்கும் வாய் இருந்தது. திரையில் இருப்பதை அறியும் வழி இல்லை.

✱

இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறைப்பது இதுதான். குரல் ஒருபோதும் பெரிய தடையாக இருந்ததில்லை. 1984இலேயே டெக்டாக் வந்துவிட்டது. எம்ஐடியின் டென்னிஸ் கிளாட் பல ஆண்டு உழைத்து உருவாக்கிய குரல்முறை அது. வார்த்தைகள் தெளிவாக விழும். ஸ்டீபன் ஹாக்கிங்கின் குரலாக உலகம் கேட்டதும் கிளாட்டின் ஆய்விலிருந்து பிறந்ததே.

தடை வேறிடத்தில் இருந்தது. திரையிலிருக்கும் ஒவ்வொன்றும் இன்னது என்று இயந்திரத்துக்குள் எங்காவது எழுத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிந்திருந்தால் எந்தக் கரகரத்த குரலும் போதும். பதியாவிட்டால் உலகின் மிக இனிய குரலாலும் பயனில்லை.

✱

பெர்க்லி, 1989. 'அவுட்ஸ்போக்கன்' வெளிவந்த ஊர், வெளிவந்த ஆண்டு. படத்திரைக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஸ்கிரீன் ரீடர். செய்தது பெர்க்லி சிஸ்டம்ஸ். வெஸ் பாய்டும் ஜோன் பிளேட்ஸும் நடத்திய சிறு நிறுவனம். சிறகு முளைத்த டோஸ்டர்கள் பறக்கும் ஸ்கிரீன் சேவரை உலகம் முழுக்க விற்றதும் அவர்களே.

அவர்கள் கண்டுபிடித்த வழி இது. புள்ளிகளாக மாறிய பிறகு எழுத்தைத் தேடாதே. மாறுவதற்கு முன்பே பிடி.

மெக்கில் எந்த மென்பொருளும் திரையில் எழுத வேண்டுமானால் பில் அட்கின்சன் எழுதிய குயிக்டிராவிடம்தான் போக வேண்டும். "இந்தச் சொல்லை, இந்த இடத்தில், இந்த எழுத்துருவில் வரை" என்று கேட்கும்போது சொல் இன்னும் சொல்லாகத்தான் இருக்கிறது. குயிக்டிரா வரைந்து முடித்ததும்தான் அது புள்ளிக்கூட்டம். அந்த வாசலில் அவுட்ஸ்போக்கன் காத்திருந்து, உள்ளே போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் பார்த்து, சொல்லையும் இடத்தையும் தன் பட்டியலில் குறித்துக்கொண்டு, பிறகு வழியை விடும். கண்ணுக்குத் தெரியும் திரைக்குப் பின்னால், எழுத்துகளால் ஆன இன்னொரு திரை இப்படி உருவானது. துறையில் அதை 'ஆஃப் ஸ்கிரீன் மாடல்' என்பார்கள்.

✱

குறித்துக்கொண்டால் மட்டும் போதுமா? போதாது. அந்தப் பின்திரையை நொடிக்கு நொடி நேராக வைத்திருப்பதுதான் பெரும்பாடு.

ஒரு சாளரம் இன்னொன்றின்மேல் வந்து விழுகிறது. கீழே மறைந்த சொற்களைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கண்ணுள்ளவருக்குத் தெரியாத சொல்லைக் குரல் வாசிக்கும்.

பக்கம் மேலே நகர்கிறது. மென்பொருள் எதையும் திரும்ப எழுதாது; இருக்கும் புள்ளிகளை அப்படியே மேலே தள்ளிவிட்டு, கீழே ஒரு வரியை மட்டும் புதிதாக எழுதும். அந்தத் தள்ளலையும் கவனித்து, பட்டியலில் உள்ள எல்லாச் சொல்லின் இடத்தையும் மாற்ற வேண்டும்.

ஒரு மெனுவில் 'சேமி' தேர்வாகியிருக்கிறது. கண்ணுக்கு அது கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. இயந்திரத்தைப் பொறுத்தவரை நடந்தது ஒரு செவ்வகத்துக்குள் இருந்த புள்ளிகளைத் தலைகீழாக்கியது மட்டும். அந்தச் செவ்வகத்தின் எல்லையைப் பார்த்து, உள்ளே எந்தச் சொல் இருக்கிறது என்று பட்டியலில் தேடி, 'இதுதான் தேர்வானது' என்று ஊகிக்க வேண்டும்.

சில மென்பொருள்கள் எழுத்தை வேறோர் இடத்தில் மறைவாக வரைந்துவைத்து, மொத்தமாகத் திரைக்கு நகலெடுக்கும். வாசலில் நின்றவருக்கு எழுத்து வந்த தடமே தெரியாமல் போய்விடும். அதற்கும் தனி ஏற்பாடு.

இத்தனையும் சில மெகாஹெர்ட்ஸ் செயலியில், பயனர் விசையை அழுத்தியதும் குரல் உடனே வரும் வேகத்தில் நடந்தது. எழுதியவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

✱

அவுட்ஸ்போக்கன் குழுவில் ஜோஷ்வா மீலே என்ற இளைஞர் இருந்தார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர், சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். பின்னாளில் இத்துறையின் முக்கிய ஆய்வாளரானார். 2021இல் மெக்கார்தர் நல்கை பெற்றார். படத்திரைக்குள் பார்வையற்றவர் எப்படி நடப்பார் என்ற கேள்விக்கு விடை தேடிய மேசையில் பார்வையற்ற ஒருவரே உட்கார்ந்திருந்தார். இந்தத் துறையில் இது திரும்பத் திரும்ப வரும் செய்தி. தேவை யாருடையதோ அவர்கள் கைவைத்த இடத்தில்தான் கருவி சரியாக அமைந்தது.

✱

மவுஸ் பற்றி ஒரு குறிப்பு. மவுஸ் என்பது கண்ணும் கையும் சேர்ந்து ஆடும் ஆட்டம். அம்பு எங்கே போகிறது என்று தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. அவுட்ஸ்போக்கன் அதை விசைப்பலகையின் வலப்பக்க எண் விசைகளுக்குக் கொண்டுவந்தது. விசையை அழுத்தினால் அம்பு அடுத்த சொல்லுக்கோ பொத்தானுக்கோ தாவும். தாவிய இடத்தில் இருப்பதைக் குரல் சொல்லும். இன்னொரு விசை சொடுக்கும். புள்ளி புள்ளியாக நகர்ந்த அம்பு, பொருள் பொருளாக நகரத் தொடங்கியது.

✱

சின்னங்கள்தான் கடைசிவரை முரண்டு பிடித்தவை. ஒரு பிளாப்பிப் படம், ஒரு கத்தரிக்கோல் படம். அதில் எழுத்தே இல்லை. வாசலில் பிடிக்க எதுவும் கிடையாது. ஆகவே பின்னால் வந்த ஸ்கிரீன் ரீடர்களில் பயனரே படத்துக்குப் பெயர் வைக்கும் வசதி வந்தது. அருகிலிருக்கும் ஒருவரிடம் "இது என்ன படம்?" என்று ஒருமுறை கேட்டு, 'வெட்டு' என்று எழுதிவைத்தால், அடுத்த முறை அதே படம் வரும்போது குரல் 'வெட்டு' என்று சொல்லும்.

வேலை நடந்தது. ஆனால் அந்தப் பெயரை முதலிலேயே எழுதியிருக்க வேண்டியவர் மென்பொருளைச் செய்தவர். அவருக்கு அரை நிமிட வேலை. அவர் செய்யாததால் ஆயிரம் பயனர்கள் ஆயிரம் பேரிடம் கேட்டு எழுதினார்கள்.

✱

1990 டிசம்பரில், பார்வையிழப்பு ஆய்வுக்கான அமெரிக்க இதழில் ஒரு கட்டுரை: லாரன்ஸ் பாய்டு, அவுட்ஸ்போக்கனின் வெஸ் பாய்டு, விஸ்கான்சின் டிரேஸ் மையத்தின் கிரெக் வாண்டர்ஹைடன் மூவரும் எழுதியது. நெருக்கடி, ஆபத்து, வாய்ப்பு: தலைப்பிலேயே மூன்றையும் வைத்திருந்தார்கள். விண்டோஸ் 3.0 வந்து சில மாதமே ஆகியிருந்த நேரம். அலுவலகங்கள் டாஸை விட்டு நகரத் தொடங்கியிருந்தன.

நெருக்கடி என்பது மிகையில்லை. டாஸில் நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்த பார்வையற்ற ஊழியர் ஒருவரின் மேசைக்கு ஒரு திங்கட்கிழமை புதிய கணினி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறமை அப்படியே இருக்கிறது. அனுபவம் அப்படியே இருக்கிறது. திரை மட்டும் ஊமையாகிவிட்டது. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் வாழ்ந்த ஆண்டுகள் அவை.

✱

டெட் ஹென்டர் மோட்டார்சைக்கிள் பந்தய வீரர். 1978இல் கார் விபத்தில் பார்வை இழந்தார். பிறகு நிரல் எழுதக் கற்றார். 1987இல் பில் ஜாய்ஸுடன் சேர்ந்து ஃபுளோரிடாவில் நிறுவனம் தொடங்கினார். 1989இல் டாஸுக்கு 'ஜாஸ்' என்ற அவர்களின் ஸ்கிரீன் ரீடர் வந்தது. 1995 ஜனவரியில் விண்டோஸுக்கு. அதே ஆண்டில் ஜிடபிள்யூ மைக்ரோவின் 'விண்டோ ஐஸ்' வந்தது. விண்டோஸில் இவையும் வாசலில் நின்று எழுத்தைப் பிடித்தவைதான்.

விண்டோஸ் 95 வந்தபோது, பார்வையற்றவர்களால் பயன்படுத்த முடியாத ஒன்றை அரசு வாங்கக் கூடாது என்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குரல் எழுந்தது. வாங்குபவர் கேட்டால் விற்பவர் காதுகொடுப்பார். 1997இல் மைக்ரோசாஃப்ட் 'ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி' என்ற ஏற்பாட்டை வெளியிட்டது.

இதில் கேள்வி முறையே மாறியது. ஸ்கிரீன் ரீடர் இனிப் புள்ளிகளிலிருந்து ஊகிக்க வேண்டாம், மென்பொருளிடமே கேட்கலாம். உன் பெயர் என்ன? நீ பொத்தானா, பட்டியலா, தேர்வுப்பெட்டியா? இப்போது எந்த நிலையில் இருக்கிறாய்? மென்பொருள் பதில் சொல்ல வேண்டும். பதில் எழுதிவைக்கப்பட்டிருந்தால் குரல் வரும். எழுதப்படாவிட்டால் 'பொத்தான்' என்று மட்டும் வரும். இன்றுவரை எல்லா இயங்குதளங்களிலும் நடப்பது இந்தக் கேள்வி பதில்தான்.

✱

மெக்கின் கதையில் ஓர் இடைவெளி. ஓஎஸ் எக்ஸ் என்ற புதிய இயங்குதளம் வந்தபோது பழைய வாசல்கள் எல்லாம் போய்விட்டன. அவுட்ஸ்போக்கன் புதிய மெக்குக்கு வராமலே 2003இல் நின்றுபோனது. 2005 ஏப்ரலில் ஆப்பிளே வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடரை இயங்குதளத்துக்குள் வைத்துக் கொடுத்தது. 2009இல் அது ஐபோனுக்கும் வந்தது. வெளியிலிருந்து ஒட்டிய வசதி, அடித்தளம் மாறும்போது அறுந்துவிடுகிறது. உள்ளேயே வைத்துக் கட்டியது நிலைக்கிறது.

✱

தமிழுக்கு வந்து சேரும் ஓர் இழை.

பிரிட்டனில் பள்ளிகளிலும் வீடுகளிலும் இருந்த படத்திரைக் கணினி ஏக்கார்ன். ரிஸ்க் ஓஎஸ் அதன் இயங்குதளம். ஜொனதன் டடிங்டன் 1995இல் அதற்கு 'ஸ்பீக்' என்ற சிறு பேச்சு நிரலை எழுதத் தொடங்கினார். சிறிய நினைவகம், மெதுவான செயலி. ஆகவே மனிதக் குரலைப் பதிந்து வெட்டி ஒட்டாமல், கணக்குப்போட்டே ஒலியை உண்டாக்கும் முறை. பின்னர் அதைத் திருத்தி எழுதி, பல மொழிகளைச் சேர்த்து, 'ஈஸ்பீக்' என்று இலவசமாக வெளியிட்டார். பல மொழிகளும் சேர்ந்து ஏறத்தாழ 2 மெகாபைட்தான். அந்த மொழிகளில் தமிழும் உண்டு.

2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 'என்விடிஏ' என்ற இலவச ஸ்கிரீன் ரீடரைத் தொடங்கினார். பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் கணினி பேச வேண்டும் என்பதே நோக்கம். அதோடு சேர்ந்தே வந்தது ஈஸ்பீக். ஆகவே இன்று தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மாணவர் என்விடிஏவை நிறுவி, பைசா செலவில்லாமல் தமிழ் கேட்கிறார் என்றால், அந்தக் குரலின் வேர் ஒரு பழைய பிரிட்டிஷ் வீட்டுக் கணினியில் இருக்கிறது.

✱

ஈஸ்பீக்கின் தமிழ் இயந்திரத்தனமானது. முதல் முறை கேட்பவருக்குக் கடினம்தான். ஆனால் நாள் முழுதும் கேட்பவர்கள் தேடுவது இனிமையை விட வேகத்தை. ஈஸ்பீக்கின் இயல்பு வேகம் நிமிடத்துக்கு 175 சொல். 450 வரை கூட்டலாம். கணக்கில் பிறந்த குரல் வேகம் கூடினாலும் குழையாது. பழகியவர் கேட்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அது அவர்கள் பயின்று பெற்ற படிப்பு.

✱

செய்து பார்த்தது. என்விடிஏவில் எண் விசைகள்: 7, 8, 9 வரிக்கு, 4, 5, 6 சொல்லுக்கு, 1, 2, 3 எழுத்துக்கு. நடு விசை இருக்கும் இடத்தைச் சொல்லும். இடப்பக்க விசை முந்தையது, வலப்பக்க விசை அடுத்தது. 2ஐ அடுத்தடுத்து மூன்று முறை அழுத்தினால் அந்த எழுத்தின் எண்ணையே சொல்லிவிடும்.

'அம்மா' என்று யூனிகோடில் எழுதிய கோப்பு. முதல் எழுத்தில் நின்று மூன்று முறை அழுத்தினால் 2949. அதுதான் அகரத்தின் எண். சொல்லைக் கேட்டால் 'அம்மா' என்கிறது.

அதே 'அம்மா' பாமினி என்ற பழைய எழுத்துருவில். திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. எழுத்தெழுத்தாகப் போனால்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். முதல் எழுத்தில் மூன்று முறை அழுத்தினால் 109. ஆங்கிலச் சிறிய எழுத்து எம்மின் எண். கண்ணுக்கு அம்மா, இயந்திரத்துக்குள் அம்மா இல்லவே இல்லை.

✱

யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது. தமிழ்நாடு அரசு 2010இல் அதை அலுவல் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருக்களில் அடித்த நூல்களும் வினாத்தாள்களும் இதழ்க் கோப்புகளும் மலைபோலக் கிடக்கின்றன. எழுத்துருவைக் கண்டறிந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. பதிப்பகங்கள் தங்கள் பழைய கோப்புகளை ஒருமுறை மாற்றிவைத்தால் எத்தனை புத்தகம் ஒரே நாளில் காதுக்குக் கிடைக்கும்!

இன்னொன்று, தினமும் நடப்பது. அழைப்பிதழ், இரங்கல் செய்தி, தேர்வு அறிவிப்பு, கவிதை: எல்லாவற்றையும் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். வாங்கியவர் பார்வையற்றவரானால் அவர் கேட்பது 'படம்' என்ற ஒரே சொல். படத்தில் எழுத்தைத் தேடிப் பிடிக்கும் கருவிகள் வளர்ந்துவருகின்றன. ஊகம் இன்னும் ஊகம்தான், அலங்கார எழுத்தில் தடுமாறும்.

✱

நான் கடைப்பிடிப்பதும், பிறரிடம் கேட்டுக்கொள்வதும்: படம் அனுப்பினால் அதிலுள்ள செய்தியைக் கீழே இரண்டு வரி எழுத்தாகவும் அனுப்புவது. தமிழை யூனிகோடில் மட்டும் அடிப்பது. செயலி செய்யும் நண்பர்கள் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் எழுதிய பிறகே வேலை முடிந்தது என்று சொல்வது. வெளியிடுமுன் திரையை அணைத்துவிட்டு, குரலை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. பார்வையற்ற ஒருவரைச் சோதனைக் குழுவில், சம்பளம் கொடுத்து, சேர்ப்பது. இதற்கெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். இன்று மாலையே தொடங்கலாம்.